வீடு கட்டி விற்போருக்கு: முதலில் தளத்தைக் குளிர வையுங்கள்

சென்னையிலும் புறநகரிலும் அடுக்குமாடி வீடுகள் கட்டி விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளுக்குள் வந்த உங்கள் விளம்பரத் தாள்களைப் படித்தேன். கைப்பேசியிலேயே விளக்கை அணைக்கலாம், குரல் கொடுத்தால் ஏசி ஓடும், விரல் வைத்தால் கதவு திறக்கும் என்று பக்கம் பக்கமாகப் போட்டிருக்கிறீர்கள். மொட்டைமாடித் தளத்தில் வெயிலைத் தடுக்க என்ன செய்திருக்கிறீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

கத்திரி வெயிலில் கடைசி மாடி எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பகலெல்லாம் குடித்த சூட்டைக் கான்கிரீட் தளம் இருட்டிய பிறகும் வீட்டுக்குள் இறக்கிக்கொண்டே இருக்கிறது. மின்விசிறியைப் போட்டால் அந்த அனல்தான் கீழே வருகிறது. என் அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். ஏசி காற்று மூட்டுக்கு ஆகாது. கோடையில் சாயங்காலமானால் தரைத்தள மாடிப்படியில் வந்து உட்கார்ந்துவிடுவார். தூங்கும் நேரம் வரை அங்கேதான். சொந்த வீடு வாங்கியும் அவருக்குப் படிக்கட்டுதான் கிடைத்தது. மற்ற அறைகளில் விடிய விடிய ஏசி ஓடுகிறது. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடுகிறது. குறைந்த மின்சாரத்தில் ஓடும் 28 வாட் பிஎல்டிசி மின்விசிறியும் எல்இடி விளக்கும் வாங்கி நாங்கள் மிச்சம் பிடிப்பதெல்லாம் அந்தத் தளத்துக்கே போகிறது.

தளத்தின் மேல் வெப்பத்தடுப்புப் பலகை, அதன்மேல் வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளை ஓடு. கட்டும்போதே போட வேண்டிய வேலை இது. குடியிருப்புகளுக்கென்றே மத்திய அரசு 2018 டிசம்பரில் ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ விதித்தொகுப்பை வெளியிட்டது. கூரையின் வெப்பக் கடத்தல் அளவு, உள்ளுக்கும் வெளிக்கும் ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும், சதுர மீட்டருக்கு 1.2 வாட்டைத் தாண்டக் கூடாது, நம்மைப் போன்ற வெப்பப் பகுதிகளில் சுவர், ஜன்னல் வழியே வரும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் பொறியாளர்கள் இதைப் படிக்காதவர்களா?

தளம் மட்டுமா? மேற்கே முழுக் கண்ணாடி ஜன்னல், மேலே ஒரு சன்ஷேடு கிடையாது. ஏசியின் வெளிப்பெட்டிகளை ஒரு குறுகிய சந்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறீர்கள். கீழ்வீட்டுச் சூட்டை மேல்வீட்டுப் பெட்டி இழுத்துத் திணறுகிறது. இருந்த மரங்களையெல்லாம் வெட்டிவிட்டு, வாசலில் ‘பசுமை இல்லம்’ என்று பலகை வைக்கிறீர்கள். ஐயா, மனம் பொறுக்கவில்லை.

கோபத்தில் எழுதியதைப் பெரிதுபடுத்த வேண்டாம். கேட்பது ஒன்றே. தளத்துக்கு வெப்பத்தடுப்பு போடுங்கள். கூரைக்கும் சுவர், ஜன்னலுக்கும் உரிய அந்த இரண்டு அளவுகளையும் விளம்பரத்தாளிலும் விற்பனை ஒப்பந்தத்திலும் எழுதிக் கொடுங்கள். ஏற்கெனவே விற்ற கட்டடங்களில், அடுத்த கோடைக்கு முன் வெள்ளை ஓடாவது பதித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கடைசி மாடியில் குடியிருக்கும் ஒருவர்