இரண்டு கிரெடிட் வகுப்பு

அன்பு மகள் கயல்விழிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் சொன்னது இரண்டு நாளாக மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. பருவத்தின் 22 கிரெடிட்டில் பொருளாதாரத் தாள்கள் மூன்றுக்கு 12, பொது விருப்பத் தாளுக்கு 4. மொழித்திறன், திறன் மேம்பாடு, விழுமியக் கல்வி ஆகியவற்றுக்குத் தலா 2 தான் என்பதால், அவற்றுக்குச் சீனியர் அக்காவிடம் நோட்ஸ் வாங்கிச் சமாளித்துவிடலாம் என்றாய். கணக்கு சரி. முடிவில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

விழுமிய வகுப்பைப் பற்றி நான் வாதாட வரவில்லை. நேர்மையைத் தாள் வைத்துத் திருத்த முடியும் என்று எனக்கும் தோன்றவில்லை. உன் தில்லிப் பல்கலைக்கழகத்திலேயே 2013இல் நான்காண்டுப் பட்டப்படிப்புக்கென 11 அடிப்படைப் பாடங்களை எல்லோருக்கும் கட்டாயமாக்கினார்கள். பள்ளியில் படித்ததையே திரும்பப் படிக்கச் சொல்கிறார்கள் என்ற முணுமுணுப்பு எழுந்தது. மறு ஆண்டே அந்தப் படிப்புத்திட்டம் கைவிடப்பட்டது. ஆகவே உன் சலிப்பு புதிதல்ல. நான் சொல்ல வருவது, நீ எடுத்திருக்கும் அந்த 2 கிரெடிட் எழுத்துத்திறன் வகுப்பு ஒன்றைப் பற்றி மட்டும்.

1991இல் செய்யாற்றிலிருந்து சென்னைக்கு வந்து பி.எஸ்சி. வேதியியலில் சேர்ந்தபோது, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் கைடை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவன் என்ற ஒரே தகுதிதான் என்னிடம் இருந்தது. முதல் ஆய்வக ரெக்கார்டை ஒரு சீனியரின் நோட்டைப் பார்த்து வரிக்கு வரி எழுதிக் கொடுத்தேன். பேராசிரியர் அதைப் புரட்டிவிட்டு, 50 மி.லி. மட்டுமே கொள்ளும் பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து ஒரே தடவையில் 52.4 மி.லி. எப்படியப்பா இறங்கிற்று என்று கேட்டார். சீனியரின் கைப்பிழையையும் சேர்த்தே நான் நகலெடுத்திருந்தேன். அவர் திட்டவில்லை, எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போய், கரைசல்களின் செறிவு பற்றி ஏதாவது ஒரு நூலில் ஓர் அத்தியாயம் படித்து, அதை ஒரே பக்கத்தில் என் சொந்தச் சொற்களில் எழுதி வரச் சொன்னார்.

அங்கே நூல் விவர அட்டைகளை அடுக்கி வைத்திருந்த இழுப்பறைகளின் முன்னால் நெடுநேரம் நின்றேன். ஆசிரியர் பெயரில் தேடுவதா, பொருளின் பெயரில் தேடுவதா என்பதுகூடத் தெரியவில்லை, கேட்பதற்கும் வெட்கம். ஊழியர் ஒருவர் தாமாக வந்து காட்டிக்கொடுத்த பிறகுதான் நூல் கைக்கு வந்தது. அந்த ஒரு பக்கத்தை எழுதி முடிக்க எனக்கு மூன்று மாலைகள் ஆயின. மூன்றாண்டுப் படிப்பில் நான் உண்மையாகக் கற்றுக்கொண்டது அங்கேதான் தொடங்கியது என்று இன்றும் நினைக்கிறேன்.

இந்தியாவில் நூலக அறிவியலுக்கு வழிவகுத்த எஸ்.ஆர். ரங்கநாதன் இங்கே மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக ஆனவர். பின்னாளில் உன் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றியவர். நூலைத் தேடுவது தனியே கற்க வேண்டிய வேலை என்பதை அவரைப் போன்ற கணித ஆசிரியரே உணர்ந்திருந்தார் என்றால், எனக்கு அது தெரியாமல் போனதில் வியப்பில்லை.

உன் பெரியப்பா காலத்தில் பள்ளிக்கும் பட்டத்துக்கும் நடுவே பி.யூ.சி. என்று ஓராண்டு இருந்தது. கல்லூரிச் சூழலுக்குப் பழகவும், ஆங்கிலத்தில் விரிவுரை கேட்டுக் குறிப்பெடுக்கவும் அந்த ஆண்டு அவருக்கு உதவியது. 1978இல் மேல்நிலைக் கல்வி வந்ததும் அந்தப் பாடங்கள் பள்ளிக்குப் போயின; பழகும் காலம் எங்கும் போய்ச் சேரவில்லை. இன்று உனக்கு அது வாரத்துக்குச் சில மணி நேரமாகக் கிடைக்கிறது.

அந்த வகுப்புக்குப் போ. அங்கே திருத்தித் தரும் முதல் கட்டுரையைச் சிவப்பு மையோடு அப்படியே படமெடுத்து எனக்கு அனுப்பு. மதிப்பெண் எவ்வளவு என்று கேட்க மாட்டேன். சீனியர் அக்காவின் நோட்ஸையும் வேண்டுமானால் வாங்கி வைத்துக்கொள், ஆனால் அதில் பியூரெட் கணக்கு எங்காவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா
பெரம்பூர், சென்னை