ஒரு ஆள் வைத்துக்கொள்ள வழி விடுங்கள்

மாவட்டத்தில் குழந்தைகள் நலனைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். என் மனு மூன்று முறை உங்கள் மேசைக்கு வந்து மூன்று முறையும் திரும்பிவிட்டது. போன திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் நான்காவது தடவையாகக் கொடுத்தேன். வீடு வந்து சேர்வதற்குள் ‘தங்கள் மனு முடித்து வைக்கப்பட்டது’ என்று செல்போனுக்குக் குறுஞ்செய்தி வந்துவிட்டது. நான் வந்த பஸ்கூட அவ்வளவு வேகமாக வரவில்லை. அதனால்தான் இந்தத் தடவை நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேட்பது ஒன்றுதான். என் வீட்டில் நடத்துகிற டே கேருக்கு உதவியாக ஒரு ஆள் வைத்துக்கொள்ள வழி விடுங்கள். மானியம் கேட்கவில்லை, கட்டடம் கேட்கவில்லை. சம்பளம்கூட நான்தான் கொடுக்கப்போகிறேன்.

பின்னணி உங்களுக்குத் தெரிந்ததுதான் என்பதால் நீட்டவில்லை. இப்போது என்னிடம் ஒன்பது பிள்ளைகள். சின்னதுக்கு ஏழு மாதம், பெரியதுக்கு நாலரை வயது. அம்மாக்களில் ஒருவர் கும்பகோணத்தில் ஜவுளிக்கடையில் நிற்கிறார், ஒருவர் செவிலியர், ஒருவர் கூட்டுறவு வங்கியில் இருக்கிறார், மற்றவர்களில் பாதிப்பேர் நடவுக்கும் களைக்கும் போகிறவர்கள். நடவுக்குப் போகிறவர் காலை ஆறு மணிக்கே பிள்ளையை விட்டுவிட்டுப் போவார், ஜவுளிக்கடைக்காரர் இரவு ஒன்பதுக்குத்தான் வந்து தூக்கிக்கொண்டு போவார். பால்வாடி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அங்கே இருக்கிற ஆயாவும் தங்கமானவர். ஆனால் ஏழு மாதக் குழந்தையை அங்கே விட முடியாது, இரவு ஒன்பது மணிக்கு அது திறந்தும் இருக்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அலுவலகத்தில் எனக்குச் சொன்னது இதுதான்: நான் தனி ஆளாக ஒன்பது பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் அது அக்கம்பக்கத்துக்குச் செய்கிற உதவி, யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். சம்பளத்துக்கு ஒரு ஆளைச் சேர்த்துக்கொண்டால் அது நிறுவனம். நிறுவனம் என்றால் ப்ளே ஸ்கூல் விண்ணப்பம், கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று. அப்புறம் வருகிற ஆள் பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், காவல் துறைச் சரிபார்ப்பும் வேண்டும். காவல் நிலையத்தில் போய்க் கேட்டால், பதிவு பெற்ற இடம் என்று உங்களிடம் ஒரு கடிதம் வாங்கி வரச் சொல்கிறார்கள். உங்களிடம் வந்தால், சரிபார்ப்பு முடித்துக்கொண்டு வா, அப்புறம் பதிவைப் பார்க்கலாம் என்கிறீர்கள். இரண்டு இடத்துக்கும் நடுவில் பஸ் ஓடுகிறது, எங்களுக்கு டிக்கெட் இல்லை, அது ஒன்றுதான் ஆறுதல்.

ஒரே ஆள் பார்த்தால் யாருக்கும் கவலை இல்லை, இரண்டு பேர் பார்த்தால் குற்றம் மாதிரி ஆகிறது. இதை யார் யோசித்தார்கள் என்று தெரிந்தால் அவரை ஒரே ஒரு நாள் என் வீட்டில் உட்கார வைக்க ஆசை.

தனி ஆள் என்றால் என்ன என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நான் கழிப்பறைக்குப் போனால் கதவைச் சாத்துவதில்லை. கைக்குழந்தையைப் பாயில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி போட்டுவிட்டு, மற்ற எட்டுப் பேரையும் கூடத்தில் உட்காரவைத்து, வரிசையாக எண் சொல்லச் சொல்வேன். ஆளுக்கு ஒரு எண். ஐந்துக்கு அப்புறம் ஏழு என்று காதில் விழுந்தால் போட்டது போட்டபடி ஓடி வரவேண்டும். இதைச் சிரிக்கிறதுக்காகச் சொல்லவில்லை.

மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தால், கல்லணை தாண்டி அரசலாற்றில் இறங்கி எங்கள் கொல்லைப்புற வாய்க்காலுக்கு வந்து சேர மாதக் கடைசி ஆகிவிடும். இந்தத் தடவை வந்த அன்று தெருவில் யாரோ “தண்ணி வந்துருச்சு” என்று கத்திக்கொண்டு போனார்கள். டெல்டாவில் பிறந்தவர்களுக்கு அதைக் கேட்டால் கால் தானாக நடக்கும். மூன்றரை வயதுப் பையனுக்கும் நடந்திருக்கிறது. நான் கைக்குழந்தைக்குக் கழுவிக்கொண்டிருந்தேன். கொல்லைப் படலைக் கயிறு போட்டுக் கட்டித்தான் வைத்திருந்தேன், அவன் அடியில் நுழைந்து போயிருக்கிறான். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். படித்துறையில் தண்ணீருக்கு ஒரு படி மேலே உட்கார்ந்திருந்தான். ஒரு செருப்பு காலில் இருந்தது. இன்னொன்று நுரையும் சருகுமாக வருகிற புதுத்தண்ணீரில் மதகுப் பக்கம் மிதந்து போய்க்கொண்டிருந்தது. “அத்தை, செருப்பு ஊருக்குப் போவுது” என்றான். எனக்கு ஒரு கைதான் மிச்சம் இருந்தது. அந்தக் கையால் அவன் சட்டையைப் பிடித்து மேலே இழுத்தேன். வீட்டுக்குள்ளே ஏழு பேர் தனியாக.

அவன் அம்மா பம்புசெட்டு வயலில் குறுவை நடவு முடித்துச் சாயங்காலம் சேற்றுக் காலோடு வந்தார். மறைக்காமல் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். மறுநாள் காலை ஆறு மணிக்கு வழக்கம்போலக் கொண்டுவந்து விட்டார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். வேறு எங்கே விடுவார்?

ஆள் தேடவில்லையா என்று கேட்பீர்கள். ஒரு வருஷமாகத் தேடினேன். வந்த ஒரு பெண் நன்றாகப் படித்தவள், பிள்ளை அழுதால் செல்போனில் கார்ட்டூன் போட்டுக் கையில் கொடுப்பாள். இன்னொருவர் சமைப்பார், துடைப்பார், பீ துணி மட்டும் தொடமாட்டார். கடைசியில் எங்கள் ஊர் அக்கா ஒருவர் வந்தார். எட்டாவது வரை படித்தவர், கணவர் இல்லை, பேரப்பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர். முதல் நாள் வந்ததும் சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை. “எந்தப் புள்ள எதுக்கு அழும், சொல்லு” என்றார். அப்புறம் தரையில் குனிந்து பெஞ்சுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். இரண்டு புளியங்கொட்டை, ஒரு சட்டைப் பொத்தான், ஒரு பட்டன் பேட்டரி. நான் தினமும் பெருக்குகிற இடம் அது. அந்தப் பேட்டரியைப் பார்த்ததும் இவர்தான் என்று முடிவு பண்ணிவிட்டேன். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழில் இது எந்தப் பாடம் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

(ஒரு அம்மா மட்டும், ‘அவங்க எந்தத் தெரு?’ என்று கேட்டார். கொடுத்திருந்த முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இது உங்கள் துறை விஷயம் இல்லை, இருந்தாலும் எழுதத் தோன்றியது.)

அக்கா பன்னிரண்டு நாள் இருந்தார். அந்தப் பன்னிரண்டு நாளும் நான் கதவைச் சாத்திக்கொண்டு குளித்தேன். அப்புறம் உங்கள் ஆள் பார்வையிட வந்து, இவர் யார், என்ன தகுதி, எதில் பதிவு என்று கேட்டுவிட்டுப் போனதும் அவர் பயந்துவிட்டார். “எனக்காக உனக்கு எதுக்கும்மா வம்பு” என்று நின்றுவிட்டார்.

விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைத் தீயில் கொடுத்த பக்கத்துக்காரர்கள் நாங்கள். அந்தச் சான்றுகளை ஏன் கேட்கிறீர்கள் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வாசலில் நிழலுக்குப் போட்டிருந்த கீற்றுப் பந்தலை நீங்கள் சொல்வதற்கு முன்பே பிரித்துவிட்டேன், அடுப்பு பின்கட்டில் தனியாக இருக்கிறது, வந்து பாருங்கள். காவல் துறைச் சரிபார்ப்பும் எனக்கு வேண்டும், உங்களைவிட எனக்குத்தான் அவசரம். ஆனால் இருநூறு பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்துக்கும், ஒரு கூடமும் ஒரு அறையும் இருக்கிற என் வீட்டுக்கும் ஒரே விண்ணப்பமா?

சட்டத்தில் இல்லாததையும் நான் கேட்கவில்லை. 2005-ல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்திலேயே, வேலை நடக்கும் இடத்துக்குப் பெண்கள் கூட்டிவரும் சின்னப் பிள்ளைகள் ஐந்து பேர் இருந்தால் அவர்களைப் பார்க்க ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும், அவருக்கும் கூலி உண்டு என்று எழுதினார்கள். ஏரி வேலையில் ஐந்து பிள்ளைக்கு ஒரு ஆள். யாரும் அந்தப் பெண்ணிடம் மார்க் ஷீட் கேட்கவில்லை. 2017-ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தி, ஐம்பது பேர் வேலை செய்தால் அங்கே குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றார்கள். நல்லது. எங்கள் ஊரில் ஐம்பது பேர் சேர்ந்து நிற்கிற இடம் ரேஷன் கடை ஒன்றுதான். 2021-ல் நம் மாநிலத்தில் கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று சட்டம் வந்தது, அதற்கும் சந்தோஷம். கடையில் நிற்கிற அம்மாவுக்கு நாற்காலி கிடைத்துவிட்டது. அவர் பிள்ளையைப் பார்க்கிறவளுக்குக் கழிப்பறைக் கதவைச் சாத்துகிற உரிமை எந்த வருஷம் வரும்? பெண்கள் வேலைக்குப் போக வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறீர்கள். போகிறார்கள், போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள், அவர்கள் போவதற்காக ஊருக்கு ஒருத்தி எங்காவது வீட்டுக்குள்ளேயே கிடக்கிறாள், அவளுக்கு ஒரு படிவம்கூட இல்லை…

மன்னிக்கவும், பேச்சு வேறு பக்கம் போகிறது. பணிவாகத்தான் கேட்க வந்தேன்.

ஒரு ஆள் வைத்துக்கொள்ள வழி விடுங்கள். வீட்டில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குள் பார்க்கிறவர்களுக்கென்று ஒரு பக்கத்தில் முடிகிற பதிவு ஒன்று கொடுங்கள். உதவிக்கு வருகிறவரின் படிப்பைப் பார்க்காமல், பால்வாடியிலேயே பத்து நாள் பழக்கிவிட்டு, சரி, இவர் பிள்ளை பார்க்கலாம் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். காவல் நிலையத்துக்கு இரண்டு வரியில் ஒரு கடிதம். அதுகூட நானே எழுதி எடுத்து வருகிறேன், நீங்கள் கையெழுத்தும் முத்திரையும் போட்டால் போதும்.

கொஞ்சம் சீக்கிரம் வேண்டும். ஆடித் தள்ளுபடிக்குக் கும்பகோணத்து ஜவுளிக்கடை ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள், அக்காவையும் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் தருவதாகச் சொன்ன ஆறாயிரத்தைவிட இரண்டாயிரம் அதிகம். ஆடி ஒன்றாம் தேதிக்குள் பதில் சொல்கிறேன் என்று எனக்காகத் தள்ளி வைத்திருக்கிறார்.

பதில் எழுத நேரமில்லை என்றால் நேரிலேயே வாருங்கள். மதியம் இரண்டு மணிக்கு வரவேண்டாம், அப்போது எல்லாம் தூங்கும், பார்க்க அழகாகத்தான் இருக்கும். காலை பத்து மணிக்கு வாருங்கள். வாசல் கதவு உள்ளே தாழ் போட்டிருக்கும். தட்டிவிட்டுக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், உள்ளே ஒரே ஆள்தான், வந்து திறக்க நேரமாகும்.

இப்படிக்கு,
அரசலாற்றுக் கரையிலிருந்து,
ஒன்பது பிள்ளைகளுக்கு அத்தை