பில்ட் முடிந்த பிறகு வரும் பிழை

ஆசிரியருக்கு வணக்கம்.

சி நூலகம் ஒன்றை பைதானிலிருந்து அழைப்பது எப்படி என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஸ்விக் என்ற கருவியை வைத்து பைண்டிங் (இரண்டு மொழிகளையும் இணைக்கும் நிரல்) எழுதும் பகுதி நன்றாகவே வந்திருந்தது. ஆனால் லினக்ஸில் லிங்கர் (கம்பைல் ஆன கோப்புகளையும் நூலகங்களையும் இணைக்கும் கருவி) பிழை வந்தால் என்ன செய்வது என்ற இடத்தில் மட்டும், நிரல் ஓடும்போது நூலகங்களை எங்கே தேடுவது என்று சொல்லும் 'எல்டி லைப்ரரி பாத்' என்ற சூழல் மாறியில் ஃபோல்டரைச் சேர்த்தால் சரியாகிவிடும் என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. புதிதாக இதில் இறங்குகிறவர்கள் முழி பிதுங்கி நிற்பதே அந்த இடத்தில்தான்.

முதலில் பிழை எப்போது வந்தது என்று பார்க்க வேண்டும். பில்ட் ஓடும்போதே 'கேனாட் ஃபைன்ட்' என்று ஒரு நூலகத்தின் பெயரைச் சொல்லி நின்றுவிட்டால், அந்த சூழல் மாறியால் ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் நாம் பெயர் கொடுத்த நூலகத்தைத் தேடும்போது லிங்கர் அதைப் பார்ப்பதே இல்லை. நூலகம் கணினியில் இருந்தும் இப்படி வரும். உபுண்டுவில் ஸீலிப் நூலகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், நிரல் ஓடுவதற்கான பொதியில் 'லிப்இசட்.எஸ்ஓ.1' ('.எஸ்ஓ' என்றால் நிரல் ஓடும்போது லோட் ஆகும் நூலகக் கோப்பு) இருக்கும், லிங்கர் தேடுவதோ எண் இல்லாத 'லிப்இசட்.எஸ்ஓ', அது 'டெவ்' என்று முடியும் பொதியில் வருகிறது. ஃபெடோராவில் 'டெவெல்'. அதை நிறுவினால் போதும். 'எஃப்-பிக்' (நினைவகத்தில் எங்கே வைத்தாலும் ஓடும்படி கம்பைல் செய்யும் தெரிவு) போட்டு மறுபடி கம்பைல் செய் என்று வந்தால், அப்படிச் செய்ய வேண்டியது நம் பைண்டிங்கை அல்ல, பிழைச் செய்தியில் பெயர் வரும் அந்த '.ஏ' நூலகத்தை, அதாவது பில்ட் நேரத்திலேயே உள்ளே சேர்க்கப்படும் நூலகத்தை.

பில்ட் சத்தமில்லாமல் முடிந்து, இம்போர்ட் செய்யும்போது 'அன்டிஃபைன்ட் சிம்பல்' என்று வருவதுதான் ஆளை அலைக்கழிக்கிறது. லினக்ஸில் '.எஸ்ஓ' கோப்பை உருவாக்கும்போது ஏதாவது செயற்கூறு அல்லது மாறியின் பெயர் கிடைக்காவிட்டாலும் லிங்கர் வழக்கமாகத் தடுப்பதில்லை, லோட் ஆகும்போது யாராவது கொடுப்பார்கள் என்று விட்டுவிடும். அதனால் பில்ட் முடிந்துவிட்டது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. லிங்கருக்கு 'நோ-அன்டிஃபைன்ட்' தெரிவைப் போட்டு முன்கூட்டியே பிடிக்கலாமே என்பார்கள். பைதான் பைண்டிங்கில் அப்படிப் போட்டால் 'பிஒய்' என்று தொடங்கும் பெயர்கள் எல்லாமே பிழையாக வந்து கொட்டும், அவை பைதான் நிரலை ஓட்டும் இன்டர்பிரெட்டரிடமிருந்து வர வேண்டியவை, 2019இல் வந்த பைதான் 3.8 முதல் லினக்ஸில் எக்ஸ்டென்ஷன்களை (இப்படி உருவாகும் தொகுதிகளை) பைதானின் சொந்த நூலகமான லிப்பைதானோடு இணைப்பதும் இல்லை. அந்தப் பட்டியலைப் பார்த்துப் பயந்துபோய் லிப்பைதானையும் சேர்த்து இணைக்கிறார்கள் பாருங்கள், அது தேவையே இல்லாத வேலை. லுவா மொழியில் இன்னும் மோசம், தொகுதிக்குள் லிப்லுவாவின் இன்னொரு பிரதி புகுந்துவிட்டால் 5.2, 5.3 பதிப்புகளில் 'மல்ட்டிபிள் லுவா விஎம்ஸ் டிடெக்டட்' என்றே பிழை வரும்.

நான் பரிந்துரைப்பது, உருவான '.எஸ்ஓ' மீது எல்டிடி கட்டளையை (ஒரு கோப்புக்குத் தேவையான நூலகங்களைக் காட்டுவது) 'ஆர்' தெரிவோடு ஓட்டிப் பார்ப்பது. கிடைக்காத பெயர்கள் மொத்தமும் வரும், அதில் 'பிஒய்' வகையறாவை ஒதுக்கிவிட்டால் மிச்சம் இருப்பதுதான் உண்மையான சிக்கல். அந்தப் பெயரைக் கவனித்துப் படியுங்கள். கீழ்க்கோடு போட்டு இசட் எழுத்தில் தொடங்கினால் சி++ உருமாற்றிய பெயர், சி++ஃபில்ட் கருவியில் கொடுத்தால் விரித்துக் காட்டும். சி நூலகத்துச் செயற்கூறு ஒன்று இந்த வடிவில் வந்தால், ஹெடரில் 'எக்ஸ்டர்ன் சி' (பெயரை உருமாற்றாதே என்று சி++க்குச் சொல்வது) விடுபட்டிருக்கிறது என்று அநேகமாகச் சொல்லிவிடலாம். விரித்த பெயருக்குள் 'சிஎக்ஸ்எக்ஸ்11' தென்பட்டால், 2015இல் ஜிசிசி 5 கொண்டுவந்த புதிய ஸ்ட்ரிங் வடிவம் ஒரு பக்கமும் பழையது இன்னொரு பக்கமும் இருக்கிறது என்று பொருள், இரண்டையும் ஒரே அமைப்பில் கம்பைல் செய்தாக வேண்டும்.

அப்புறம் லிங்கர் கட்டளையில் பெயர்கள் வரும் வரிசை. உபுண்டு 11.10 முதல் 'ஆஸ்-நீடட்' (தேவைப்படும் நூலகத்தை மட்டும் இணைக்கும் தெரிவு) தானாகவே இயங்குகிறது, அதாவது நூலகத்தின் பெயர் கம்பைல் ஆன ஆப்ஜெக்ட் கோப்புகளுக்கு முன்னால் வந்தால், இதுவரை யாரும் இதைக் கேட்கவில்லையே என்று லிங்கர் அதை விட்டுவிடும். நூலகத்தை, லிங்கருக்கான தெரிவுகளை எழுதும் 'எல்டிஃப்ளாக்ஸ்' மாறியில் எழுதுகிறவர்களுக்குப் பெரும்பாலும் நடப்பது இதுதான், அங்கே எழுதுவது கட்டளையின் முன்பகுதியில் போய் உட்காரும். பில்ட் முடியும், இம்போர்ட் விழும்.

கட்டுரையாளர் சொன்ன மருந்து வேலை செய்வது 'கேனாட் ஓபன் ஷேர்டு ஆப்ஜெக்ட் ஃபைல்' என்ற பிழைக்குத்தான். அங்கேயும் அதை பாஷ் அமைப்புக் கோப்பில் நிரந்தரமாக எழுதிவைக்கச் சொல்லாதீர்கள், அந்த ஷெல்லில் தொடங்கும் எல்லா நிரல்களும் அந்த ஃபோல்டரை முதலில் தேடப் போகும், சம்பந்தமில்லாத ஏதோ ஒன்று உடையும். அதற்குப் பதில் ஆர்பாத்தில் (எங்கே தேடுவது என்பதைக் கோப்புக்குள்ளேயே பதித்துவைக்கும் இடம்) 'ஆரிஜின்' (அந்தக் கோப்பு இருக்கும் ஃபோல்டர்) கொடுத்தால் விளைவு அந்தக் கோப்போடு நிற்கும்.

தொடரின் அடுத்த பகுதியில் இந்தப் பிழைச் செய்திகளைச் சுருக்காமல் முழுதாக அச்சிட்டு, ஒவ்வொன்றையும் எப்படிப் படிப்பது என்று கட்டுரையாளரை எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தங்கள் வாசகர்