புதுக்கோட்டைப் பயணம்: பிப்ரவரி 8, ஞாயிறு

அனைவருக்கும் வணக்கம். நம் குடியிருப்பின் பாரம்பரியப் பயணம் உறுதியாகிவிட்டது. வேன் திருச்சியிலிருந்து காலை 6.30க்குக் கிளம்பும். காத்திருக்க மாட்டோம், காரணம் வெயில்.

1. சித்தன்னவாசல்: முதலில் மலைமேல் உள்ள ஏழடிப்பட்டம் என்ற இயற்கைக் குகை. அங்குள்ள 17 சமணக் கற்படுக்கைகளில் ஒன்றில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்து உண்டு. சாய்வான காலை ஒளியில் பார்ப்பது நல்லது. பாதை ஓரமாக இறங்கும், கம்பியைப் பிடித்து நடக்கவும். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இருந்து, நேராகக் குகைக்கோயிலுக்கு வரலாம். அதன் விதானத்தில் (மேற்கூரையில்) தீட்டியுள்ள தாமரைக்குள ஓவியத்தில் மீன், அன்னம், யானை, எருமை எல்லாம் தேடிப் பாருங்கள். ஃபிளாஷ் கூடாது.

2. குடுமியான்மலை: 11 மணிக்குள் போயாக வேண்டும், மதியம் கோயில் நடை சாத்திவிடுவார்கள். இங்குள்ள, சுரங்களைப் பொறித்த இசைக் கல்வெட்டு கிரந்த எழுத்தில், 7 பிரிவுகளாக உள்ளது. 'ர, ரி, ரு, ரெ' என ஒரே சுரம் உயிரெழுத்து மாறி வருவதைக் கவனியுங்கள். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் வெட்டியது என்று அடித்துச் சொல்வார்கள். ஆய்வாளர்களிடம் அது தீராத வழக்கு. எழுத்துமேல் மாவு, சாக்பீஸ் தேய்க்க வேண்டாம்.

3. நார்த்தாமலை: மாலை 4 மணி. விசயாலய சோழீச்சரம் கோயில் மேற்குப் பார்த்தது, வட்டக் கருவறை. பாறையில் செருப்பில்லாமல் நடக்க மதியத்தில் முடியாது, அதனால்தான் கடைசியில்.

4. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், தொப்பி, காலுறை. சாப்பாடு பொட்டலமாக வரும். குரங்குகள் உண்டு, பாலித்தீன் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள்.

வருபவர்கள் எண்ணிக்கை, குழந்தைகள் வயது இரண்டையும் புதன் இரவு 8 மணிக்குள் இங்கேயே பதிவிடவும். 👍 மட்டும் போட்டால் கணக்கில் வராது.