நாடக வாசிப்புக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன ஆண்டுக் கூட்டத்தில், வருடம் முழுக்க ஒரே நாடகாசிரியரை எடுத்து வாசிப்பது, அவரும் நாம் குடியிருக்கும் இந்த எடின்பரோக்காரராக இருப்பது என்று முடிவு செய்தோம். 2016 முதல் இங்குள்ள லைசியம் நாடக அரங்கின் கலை இயக்குநராக இருந்த டேவிட் கிரெக், 2025இல் பொறுப்பை விடப் போகிறார் என்ற செய்தி வந்திருந்த நேரம் அது. அதனால் யாரை எடுப்பது என்று பேச்சே எழவில்லை. 1969இல் இங்கே பிறந்து, சிறுவயதை நைஜீரியாவில் கழித்து, பிரிஸ்டலில் படித்தவர். உள்ளூர்க்காரர்தான், ஆனால் ஊரை வெளியிலிருந்து வந்தவர் கண்ணாலும் பார்க்கத் தெரிந்தவர். நமக்கு அவர் இவ்வளவு நெருக்கமாகப் பட்டதற்கு அதுவும் காரணம் என்று நினைக்கிறேன்.

ஐந்து நாடகங்களை வாசித்தோம். வழக்கம்போல மூலத்தை ஆங்கிலத்தில் சத்தமாக வாசித்து, தமிழில் விவாதித்து, ஒரு காட்சியையாவது தமிழாக்கிப் பார்த்தோம்.

முதலில் 'அவுட்லையிங் ஐலண்ட்ஸ்' (2002). 1939இல் பறவைகளைக் கணக்கெடுக்க ஒரு தனித்தீவுக்கு அனுப்பப்படும் இரண்டு இளைஞர்களின் கதை. தங்களை அனுப்பிய அரசு அந்தத் தீவை என்ன செய்யப் போகிறது என்பது அவர்களுக்குப் போன பிறகுதான் தெரிகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஸ்காட்லாந்தின் குரினார்ட் தீவில் நிஜமாகவே ஆடுகளைக் கட்டிவைத்து ஆந்த்ராக்ஸ் நோய்க்கிருமிக் குண்டு வெடித்துப் பார்த்ததையும், 1990 வரை அந்தத் தீவு மூடிக்கிடந்ததையும் அன்று விரிவாகப் பேசினோம். 'டன்சினேன்' (2010) வாசித்த அன்று பிள்ளைகளுக்குத் தேர்வுக் காலம், வருகை குறைவு. ஷேக்ஸ்பியரின் 'மெக்பெத்' முடிகிற இடத்தில் தொடங்கும் அந்த நாடகத்தில், கொடுங்கோலனை வீழ்த்திவிட்டோம், இனி அமைதிதான் என்று நம்பி வரும் ஆங்கிலேயத் தளபதி சிவர்டு, மெக்பெத்தின் அரசி உயிரோடிருப்பதைப் பார்த்துத் திகைக்கிறார். இன்னொரு முறை நிதானமாக வாசிக்க வேண்டிய நாடகம்.

'மிட்சம்மர்' (2008) வாசித்தது மறக்க முடியாத மாலை. இரண்டே நடிகர்கள், கொஞ்சம் பாட்டு, இந்த ஊரில் ஒரு வார இறுதி. முப்பத்தைந்து வயது ஹெலினா மணவிலக்கு வழக்கறிஞர். பாப் திருட்டு வண்டிகளோடு சகவாசம் உள்ளவன். கார் நிறுத்துமிடத்துக் கட்டண இயந்திரத்தில் ஒரு வாசகம் அவன் கண்ணில் படுகிறது. சில்லறை கிடைக்கும் என்பதுதான் அறிவிப்பு. ஆனால் 'சேஞ்ச்' என்ற அந்த ஆங்கிலச் சொல்லுக்கு மாற்றம் என்றும் பொருள் உண்டல்லவா, அவன் அங்கேயே நின்றுவிடுகிறான். இதைத் தமிழாக்க முக்கால் மணி நேரம் ஆனது. 'சில்லறை கிடைக்கும்' என்றால் நாடகத்தின் உயிரே போய்விடும். 'மாற்றம் சாத்தியம்' என்று எந்த இயந்திரத்திலும் எழுத மாட்டார்கள். கடைசியில், ஊரில் வங்கி கவுன்டரில் பல ஆண்டுகள் வேலை பார்த்த நம் அக்கா, "மாற்றிக்கொள்ளலாம்னு போடுங்களேன்" என்றார். நோட்டையும் மாற்றிக்கொள்ளலாம், வாழ்க்கையையும் மாற்றிக்கொள்ளலாம். அறையில் எல்லோரும் கைதட்டினோம்.

ஜனவரியில் 'புரூடென்சியா ஹார்ட்'. அன்று கூடத்தில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தோம். ஸ்காட்லாந்து-இங்கிலாந்து எல்லைப்புறக் கதைப்பாடல்களை ஆராயும் ஒரு பெண், கெல்சோ ஊருக்குக் கருத்தரங்குக்குப் போன இடத்தில் பனியில் சிக்கிச் சாத்தானிடம் மாட்டிக்கொள்கிறாள். சொந்த அரங்கக் கட்டடம் இல்லாமலே 2006 முதல் இயங்கும் ஸ்காட்லாந்து தேசிய நாடக அரங்கு, இதை 2011இல் கிளாஸ்கோவில் ஒரு மதுக்கூடத்தில் அரங்கேற்றியது. நடிகர்கள் மேசைகளுக்கு நடுவே நடித்தார்கள். பார்வையாளர்களிடம் காகித நாப்கினைக் கொடுத்துக் கிழிக்கச் சொன்னார்கள், அதுதான் பனி. நாமும் கிழித்தோம். நாடகம் எதுகையோடு ஓடும் ஈரடிகளில் போகும், நரகத்தில் மட்டும் உரைநடையாகிவிடும். அந்த இடத்தில் வாசிப்பவர் குரல் தானாகத் தாழ்ந்ததை எல்லோருமே கவனித்தோம். வீட்டுக்குப் போய்க் கோட்டுப் பைக்குள் கைவிட்டபோது காகிதத் துணுக்குகள் வந்தன.

அப்புறம் 'தி ஈவென்ட்ஸ்'. 2011 ஜூலை 22 அன்று நார்வேயில் 77 பேர் கொல்லப்பட்டார்களே, அந்தப் படுகொலையின் நிழலில் எழுதப்பட்டு, 2013இல் இங்கே டிராவர்ஸ் அரங்கில் முதலில் மேடையேறியது. கிளேர் என்ற பெண் பாதிரியார் நடத்தும் பாடகர் குழுவைத் துப்பாக்கியோடு வந்த ஓர் இளைஞன் சிதைத்துவிடுகிறான். ஏன் செய்தான் என்று அவள் தேடித் தேடிப் போகிறாள். அவள் சந்திக்கும் அத்தனை பேரையும் ஒரே நடிகர்தான் நடிக்க வேண்டும், கொலைகாரனையும் சேர்த்து. அரங்கேற்றத்தில் அதைச் செய்தவர் பெயர் ரூடி தர்மலிங்கம் என்று படித்ததும் நம் அறையில் எழுந்த சலசலப்பு உங்களுக்கு நினைவிருக்கும்.

ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர்ப் பாடகர் குழு ஒன்றுதான் மேடையில் நிற்கும். பாட்டைப் பழகியிருப்பார்கள், நாடகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். நாமும் அப்படியே செய்தோம். இதுவரை வாசிக்கவே மாட்டேன் என்றிருந்த ஏழு பேரைக் குழுவாக உட்காரவைத்து, பிரதியை முன்கூட்டித் தராமல், நாடகத்தில் பாடகர் குழு கேட்கும் கேள்விகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்தோம். மூன்று வருடமாக நாற்காலி அடுக்கிக் கொடுத்து, பின்வரிசையிலேயே இருந்த பெரியவர் தன் சீட்டை வாசித்தபோது குரல் உடைந்தது. நிறுத்தி, தண்ணீர் குடித்து, மறுபடி முதலிலிருந்து வாசித்தார். தேர்ந்த வாசிப்பாளர் யார் வாசித்திருந்தாலும் அந்த வரி அப்படி வந்திருக்காது.

இந்த ஆண்டு எனக்குப் புரிந்தது இதுதான். கிரெக்கின் நாடகங்களில் ஊரார் வேடிக்கை பார்ப்பவர்கள் அல்ல, பங்கு உள்ளவர்கள். நம் குழுவிலோ நன்றாக வாசிக்கும் நான்கைந்து பேரே எல்லாப் பாத்திரங்களையும் எடுத்துக்கொள்கிறோம். செயலாளராக அதைத் தடுக்காதது என் தவறு.

ஆகவே வரும் ஆண்டுக்கு ஒரு முன்மொழிவு. லைசியத்தில் அவர் 2016இல் பொறுப்பேற்றதும் முதலில் மேடையேற்றியது பண்டைக் கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் 'தி சப்ளையன்ட் விமன்'. கட்டாயத் திருமணத்துக்குப் பயந்து எகிப்திலிருந்து ஓடிவரும் பெண்கள் ஆர்கோஸ் மன்னனிடம் அடைக்கலம் கேட்கிறார்கள். அவனோ தன் மக்களைக் கேட்காமல் முடிவு சொல்ல மறுக்கிறான். அந்தப் பெண்கள் கூட்டமாக நின்றவர்கள் இந்த ஊர் இளம்பெண்கள், தொழில்முறை நடிகைகள் அல்ல. கிரெக்கின் ஆங்கிலப் பிரதியையே எடுப்போம். கூட்டத்தின் வரிகளை வரும் எல்லோரும் சேர்ந்தே வாசிப்பது என்று விதியாக வைப்போம். அடுத்து 'யூரோப்' (1994), ரயில் நிற்காமல் போய்விட்ட ஓர் எல்லையோர நிலையத்தின் கதை.

வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். தேநீர் போட்டவர்களுக்கும் பிரதி எடுத்துத் தந்தவர்களுக்கும் நன்றி. ஹீட்டர் பழுதுபார்க்கப்பட்டுவிட்டது.

இந்த அறிக்கையையும் முன்மொழிவையும் ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்