பனிக்கு ரயில் நிற்குமா, மாப்பிள்ளை?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீ போட்டதைப் பார்த்தேன். "சந்திரனுக்கு ராக்கெட் விடுறோம், பனிக்கு ரயில் நிக்குது. வெயில் வந்தா போற பனிக்கு ஏழு மணி நேரம் லேட்டா?" அதற்குக் கீழே உன் அம்மா சிரிக்கிற பொம்மை வரிசையாகப் போட்டிருந்தாள். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவனின், அதாவது என்னுடைய, தங்கை என்பதை அவளும் மறந்துவிட்டாள் போலிருக்கிறது. குழுவில் பதில் எழுதினால் நடுவில் யாராவது ரோஜாப்பூவோடு குட் மார்னிங் போட்டுவிடுவார்கள். அதனால் உன்னிடம் கேட்டுக்கொண்டு இங்கே எழுதுகிறேன். டெல்லியில் முதல் குளிர்காலத்தில் மாட்டிக்கொண்ட மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும்.

உன் மேல் தப்பில்லை. நம் ஊரில் வளர்ந்தவனுக்குப் பனி என்றால் மார்கழி விடியற்காலையில் தலையில் இறங்குவது. மப்ளர் சுற்றிக்கொண்டு பஜனைக்குப் போய், பொங்கல் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்புவதற்குள் போய்விடும். "சூரியனைக் கண்ட பனி போல" என்று நாம் சொல்வது அந்தப் பனியைப் பார்த்துத்தான். பரீட்சை பயம், மாமியார் கோபம், மேடையில் பேசுகிறவரின் எதிர்க்கட்சி, எல்லாமே நமக்குச் சூரியனைக் கண்ட பனி. கங்கைச் சமவெளியின் ஜனவரியில் ஒரு வாரம் இருந்தவன் அப்படிப் பேசமாட்டான். அங்கே பனியைக் கண்ட சூரியன்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நவம்பரில் பால்கனியிலிருந்து நீ எடுத்து அனுப்பினாயே ஒரு போட்டோ, எதிர் கட்டடமே தெரியாமல்? அது புகை. பஞ்சாப், ஹரியானா வயல்களில் எரித்த நெல்தாள், டெல்லியின் வண்டிகள், தூசி எல்லாம் சேர்ந்தது. தொண்டை கரகரத்திருக்குமே! 2018 போகியன்று சென்னையில் விமானங்கள் இறங்க முடியாமல் திருப்பி விடப்பட்டதே, அதில் பழைய பாய்க்கும் டயருக்கும் பெரிய பங்கு உண்டு. புகையும் பனியும் வேறு வேறு என்றாலும் கூட்டாளிகள். எப்படி என்று சொல்கிறேன்.

டிசம்பர் கடைசியில் வடக்கே ஒரு மழை வரும். மேற்கத்திய இடையூறு என்று வானிலைக்காரர்கள் சொல்வார்கள். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிளம்பி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வந்து பஞ்சாபிலும் ஹரியானாவிலும் தூறிவிட்டுப் போகும். மழை நாளில் ரயில்காரனுக்குப் பெரிய கவலை இல்லை. அது போன மறுநாள்தான் வினை. வானம் நிர்மலமாக இருக்கும், காற்று அசையாது, தரை ஈரம். போதாததற்கு அந்தப் பக்கமெல்லாம் கோதுமைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற சமயம் வேறு. ராத்திரியில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிரும். அதை ஒட்டிய காற்றும் குளிரும். அந்தக் காற்றிலுள்ள ஈரம் பற்றிக்கொள்ள ஒரு துகள் தேடும். மிச்சமிருக்கும் புகையும் தூசியும் அதற்குத்தான் உதவுகின்றன. துகள் அதிகமானால் துளிகளும் அதிகம், ஒவ்வொன்றும் பொடிசு, பனி இன்னும் வெளுப்பு.

"பனி பெய்து குளம் நிறையுமா" என்று நம் பெரியவர்கள் கேட்டது இங்கேயும் சரிதான். ஒரு கன மீட்டர் மூடுபனியில் அரை கிராம் தண்ணீர் தேறினாலே அதிகம். நீ வாடகைக்கு இருக்கும் அறை முழுவதும் பனியை அடைத்துப் பிழிந்தால் இரண்டு டீஸ்பூன் தண்ணீர் வரும். ஆனால் அந்த இரண்டு டீஸ்பூனும், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள கோடிக்கணக்கான துளிகளாகப் பிரிந்து நிற்கிறது. ஒவ்வொரு துளியும் வெளிச்சத்தை ஒரு பக்கம் சிதறடிக்கும். ஹெட்லைட்டை ஹை பீமில் போடுகிறவனுக்கு முன்னால் வெள்ளைச் சுவர் எழும்புவது அதனால்தான். உன் நண்பனின் காரில் யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் போகிறேன் என்றாயே, டிசம்பர், ஜனவரியில் ராத்திரிப் பயணம் வேண்டாம். ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்துப் பதினைந்து வண்டிகள் மோதிக்கொள்வது அங்கே குளிர்காலச் செய்தி.

சரி, வெயில் வந்தால் ஏன் போகவில்லை? பனியின் மேல்பக்கம் வெள்ளை. வெயிலில் ஒரு நல்ல பங்கை அது வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். குளிர்கால வெயிலே சாய்ந்து விழுகிற வெயில். அதில் மிச்சம் மீதி தரைக்கு வந்து, தரை சூடேறி, காற்று கலங்கினால்தான் பனி கலையும். மேலே வெதுவெதுப்பான காற்று மூடிக்கொண்டு நிற்பதால் கீழே இருக்கும் குளிர்காற்றுக்கு எழும்பவும் வழியில்லை. சில நாள் மத்தியானம் ஆள் உயரத்துக்கு மேலே கொஞ்சம் தூக்கிக்கொண்டு, சாயங்காலம் மறுபடி இறங்கிவிடும். தைப்பனி தரையைத் துளைக்கும் என்று நம் பாட்டி சொன்னதை நான் அங்கே போன பிறகுதான் நம்பினேன்.

இனி ரயிலுக்கு வருகிறேன்.

வானிலைத் துறை கணக்கில் 1000 மீட்டருக்குக் கீழே பார்வை போனால் மூடுபனி, 200-க்குக் கீழே அடர்பனி, 50-க்குக் கீழே மிக அடர்ந்தது. ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தனிக் கணக்கு: 180 மீட்டர். அவர் அறையிலிருந்து அந்தத் தூரத்தில் ஒரு கம்பமோ சிக்னலோ குறித்து வைத்திருப்பார்கள். வி.டி.ஓ. என்று பெயர். ராத்திரியானால் ஒரு சிக்னலின் விளக்கு. அது கண்ணுக்குத் தெரிகிறவரை கவலையில்லை. மறைந்துவிட்டால் ரிஜிஸ்டரில் நேரத்தை எழுதிவிட்டு, பனிக்கென்று நியமித்த ஆட்களை எழுப்பவேண்டும். நான் இருந்தது ஆக்ராவுக்கும் குவாலியருக்கும் நடுவே, சம்பல் ஆற்றுக்குக் கொஞ்சம் வடக்கே. ஆற்றுப் பக்கமிருந்து அது வருவது தெரியவே தெரியாது. கம்பம் இருந்தது, டீயைக் குடித்துவிட்டு நிமிர்ந்தால் கம்பம் இல்லை, அவ்வளவுதான்.

நீ நினைப்பது போல டிரைவருக்குத் தண்டவாளம் தெரியவேண்டிய அவசியமே கிடையாது. எங்கே வளையவேண்டும் என்பதைத் தண்டவாளம் பார்த்துக்கொள்ளும். அவருக்குத் தெரியவேண்டியது சிக்னல். வேகமாக வரும் வண்டியை நிறுத்த ஒரு கிலோமீட்டர் வேண்டியிருக்கும் என்பதால் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் ஹோம் சிக்னலுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே, எச்சரிக்கையாக டிஸ்டன்ட் சிக்னல் வைக்கிறார்கள். மெயின் லைனில் அதற்கும் ஒரு கிலோமீட்டர் முன்னால் இன்னொன்று. முன்னால் சிவப்பு இருக்கலாம் என்று அது காட்டும் மஞ்சளைப் பார்த்துவிட்டால் போதும், பனிக்குள்ளும் வண்டியை அடக்கி நிறுத்திவிடலாம். பார்க்காமல் தாண்டிவிட்டால்?

அதற்குத்தான் டெட்டனேட்டர். அந்த ஊர் ஆட்கள் பட்டாக்கா என்பார்கள். செருப்பு பாலீஷ் டப்பா அளவு இருக்கும், உள்ளே வெடிமருந்து, இரண்டு பக்கமும் வளைக்கிற மாதிரி ஈயப்பட்டை. பனி ஆள் கைவிளக்கோடும் ஒரு தகரப் பெட்டியோடும் சிக்னலுக்கு 270 மீட்டர் முன்னால் போய் உட்காருவார். எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி தண்டவாளத்தின் தலையில் வைத்து, ஈயப்பட்டையை அடியில் மடித்து இறுக்கவேண்டும். கம்பளிக் கையுறையோடு அது நடக்காது. கழற்றினால், ஜனவரி ராத்திரித் தண்டவாளம் விரலைச் சுடும், குளிர் அவ்வளவு. அப்புறம் பத்து மீட்டர் தள்ளி இரண்டாவது, ஒன்று வெடிக்காமல் போனால் மற்றது இருக்கட்டும் என்று. தகரம் தெறிக்கும், அதனால் வண்டி வரும்போது 45 மீட்டராவது விலகி நிற்கவேண்டும். சக்கரம் ஏறியதும் டப், டப். என்ஜினில் இருக்கிறவருக்குச் செய்தி: சிக்னல் வருகிறது, கண்ணைத் திற. வண்டி போனதும் வெடித்த டப்பாவைப் பிய்த்து எறிந்துவிட்டு அடுத்த வண்டிக்குப் புதிதாக இரண்டு. விடியும்வரை இதே வேலைதான். உள்ளே ஸ்லீப்பர் கோச்சில் தூக்கம் கலைந்தவர் "எவனோ கல்லு எறியறான்" என்று ஜன்னலை இழுத்து விடுவார்.

இப்போது பெரும்பாலும் கருவிதான். ஃபாக் சேஃப் டிவைஸ் என்று ஒரு பெட்டி, டிரைவர் கையோடு கொண்டுபோய் என்ஜினில் வைத்துக்கொள்வார். அந்தத் தடத்தின் சிக்னல், லெவல் கிராசிங் எல்லாம் அதில் ஏற்றியிருக்கும். ஜி.பி.எஸ். வைத்து, 500 மீட்டர் முன்னாலேயே இன்ன சிக்னல் வருகிறது என்று வாய்விட்டுச் சொல்லும். அது வந்த பிறகு பனியில் போகும் அதிகபட்ச வேகத்தை 60-லிருந்து 75 கிலோமீட்டராக ஏற்றினார்கள். நல்ல சாமான், குறை சொல்லமாட்டேன். ஆனால் அது சிக்னல் எங்கே இருக்கிறது என்றுதான் சொல்லும், பச்சையா சிவப்பா என்று சொல்லாது. அதை மனிதன்தான் பார்க்கவேண்டும்.

நீ இன்ஜினியர், கணக்குப் போடு. 75 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 21 மீட்டர் போகும். பார்வை 50 மீட்டர். சிக்னல் பனியிலிருந்து வெளியே வந்து என்ஜினைத் தாண்டிப் போக இரண்டரை நொடிகூட ஆகாது. அதற்குள் லோகோ பைலட் என்கிற டிரைவரும் உதவியாளரும் நிறத்தைப் பார்த்து, ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லி, கை நீட்டிக் காட்டவேண்டும். அடுத்த சிக்னலுக்கும் இதே. ஆக்ராவிலிருந்து டெல்லி வரை இப்படி எத்தனை என்று எண்ணிப் பார். சந்தேகம் வந்தால் அந்த மனிதர் வேகத்தைக் குறைப்பார். குறைக்கத்தான் வேண்டும். பின்னால் ஆயிரம் பேர் தூங்குகிறார்கள், அதில் ஒருவன் வாட்ஸ்அப்பில் நக்கல் அடித்துக்கொண்டிருந்தாலும்.

கவச் என்ற தானியங்கிப் பாதுகாப்பு வசதி வந்துவிட்ட தடங்களில் சிக்னலின் நிறமே கேபினுக்குள் தெரிந்துவிடும், மீறினால் தானே பிரேக் போடும். நீ ராக்கெட்டைச் சொல்லிக் கேட்டதற்கு நியாயமான பதில் அதுதான். நாடு முழுவதும் அது வந்து சேரட்டும், நானும் உன்னோடு சேர்ந்து கேட்கிறேன்.

ஏழு மணி நேரம் எப்படி ஆகிறது என்கிறாயா? ஒரு வண்டி மெதுவாகப் போனால் பின்னால் வருகிறதெல்லாம் மெதுவாகத்தான் வரும். நடுவில் ஓட்டுநரின் டூட்டி நேரம் முடிந்து, மாற்று ஆள் வரும்வரை வண்டி நிற்கும். சென்னையிலிருந்து நேரத்துக்கு வந்த வண்டிகூட குவாலியர் தாண்டியதும் விடியற்காலைப் பனியில் ஊரத் தொடங்கும். கடைசி சில மணி நேரப் பயணத்தில்தான் எல்லா நேரமும் போகும். அந்தப் பெட்டிகள் டெல்லி போய், கழுவி, தண்ணீர் ஏற்றித்தான் நீ ஏறும் வண்டியாகத் திரும்பவேண்டும். அதனால்தான் உன் வண்டியின் தாமதத்தை அரை மணி, அரை மணியாக ஏற்றிச் சொல்கிறார்கள். ஏமாற்று வேலை இல்லை. அடுத்த ஸ்டேஷனில் கம்பம் தெரிகிறதா என்பது அடுத்த ஸ்டேஷன் மாஸ்டருக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு வருஷமும் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை சில வண்டிகளை முன்கூட்டியே ரத்து செய்கிறார்களே, அதுவும் இதற்காகத்தான். தடத்தில் வண்டி குறைந்தால் மற்றவை நகரும். டிக்கெட் போனவனுக்கு எரிச்சலாக இருக்கும், ஆனால் எனக்கு அது சரியான ஏற்பாடாகவே படுகிறது.

விமானத்தில் வந்துவிடுகிறேன் என்பாய். வா, ஆனால் காலை விமானம் எடுக்காதே. டெல்லியில் உள்ள கருவி வசதியால் 50 மீட்டர் பார்வையிலும் விமானம் இறங்கலாம். விமானத்துக்கும் விமானிக்கும் அதற்கான தகுதி இருக்கவேண்டும். வேடிக்கை என்னவென்றால், மேலே கிளம்புவதற்கு 125 மீட்டர் பார்வை வேண்டும். வந்த விமானம் உன் கண்முன் நிற்கும், கிளம்பாது. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் பார்.

போன வாரம் போனில் "எதிர்காலமே பனிமூட்டமா இருக்கு மாமா" என்றாயே, அதைப் பொங்கலுக்கு வரும்போது திண்ணையில் உட்கார்ந்து பேசலாம். இப்போதைக்கு வந்து சேருகிற வழியைச் சொல்கிறேன். ஜனவரி 10-ஆம் தேதிக்குள் கிளம்பும்படி டிக்கெட் போடு. 12-ஆம் தேதி கிளம்பி போகிக்கு வந்துவிடலாம் என்று கணக்குப் போடாதே. ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன், உன் வண்டியின் நிலவரத்தோடு எதிர்த்திசையில் டெல்லிக்கு வரும் ஜோடி வண்டி எங்கே இருக்கிறது என்றும் பார். அது இன்னும் ஜான்சி தாண்டவில்லை என்றால் அறையிலேயே படுத்துத் தூங்கு. வண்டி ரத்தானால் ஆன்லைன் டிக்கெட்டுக்குப் பணம் தானாகத் திரும்பிவிடும். மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீ போகவேண்டாம் என்று முடிவு செய்தால், வண்டி கிளம்புவதற்கு முன்னாலேயே டி.டி.ஆர். என்கிற, பணத்தைத் திருப்பிக் கேட்கும் மனுவைப் போட்டுவிடு, முழுப் பணமும் வரும். கிளம்பிய பிறகு போட்டால் என்னைக் கேட்காதே.

அம்மாவிடம் அந்தச் சிரிக்கிற பொம்மையைப் பற்றி நானே பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் மாமா