கடலில் இருப்பவருக்கும் ஒரு வரி எழுதுங்கள்

லோதி சாலை மௌசம் பவனில், இந்திய வானிலைத் துறையின் தலைமையகத்தில், புயல் அறிக்கையும் கடல் எச்சரிக்கையும் எழுதும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் டெல்லியில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். நைட் டியூட்டி முடிந்து நான் ஏறும் பஸ் உங்கள் கட்டடத்தைத் தாண்டித்தான் போகும். பிறந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், தூத்தூர்ப் பக்கம். ஐப்பசி பிறந்துவிட்டால் அம்மா நாள் தவறாமல் போன் போடுவார். "டெல்லியில என்ன சொல்லுறாங்க மக்களே?" என்பதுதான் முதல் கேள்வி. புயல் செய்தி டெல்லியிலிருந்து வருகிறது, மகளும் டெல்லியில் இருக்கிறாள், அதனால் அவளுக்குத் தெரியாமல் இருக்காது என்பது அம்மாவின் நம்பிக்கை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே உங்கள் அறிக்கைகளைப் பல வருடமாகப் படித்து வருகிறேன்.

படித்துப் படித்து மனதில் தங்கிவிட்ட ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இந்த மடல். உங்கள் எச்சரிக்கை கரையில் நிற்பவரை நோக்கிப் பேசுகிறது. ஏற்கெனவே கடலுக்குள் இருப்பவருக்கு அதில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது.

"சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும். மீனவர்கள் இப்பகுதிகளுக்குச் செல்ல வேண்டாம்." இதை எங்கள் ஊர்ப் பிள்ளைகள்கூடப் பார்க்காமல் சொல்லும். கரையில் இருப்பவருக்கு இது போதும், போட்டைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். அடுத்து வருவதுதான் அந்த ஒற்றை வரி: "ஆழ்கடலில் உள்ளவர்கள் உடனடியாகக் கரை திரும்ப வேண்டும்."

எந்தக் கரைக்கு, எந்த வழியாக?

எங்கள் பக்கத்துப் போட்டுகள் காலையில் போய் மாலையில் திரும்புபவை இல்லை. ஐஸ், டீசல், அரிசி, குடிநீர் எல்லாம் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் வாரக்கணக்கில் கடலிலேயே தங்கிச் சுறாவும் சூரையும் பிடிப்பவை. கரையிலிருந்து 250 நாட்டிகல் மைல் தள்ளிக் கிடக்கும் ஒரு போட், மணிக்கு 7 நாட்டிகல் மைல் ஓடினால் கரை சேர ஒன்றரை நாள் ஆகும். அது அமைதியான கடலில். எதிர்க்காற்றில் அந்தக் கணக்கு நிற்காது.

2017 ஒக்கியை நினைத்துப் பாருங்கள். நவம்பர் 29 காலை அது இலங்கைக்குத் தென்கிழக்கே ஒரு தாழ்வு மண்டலம். 30 காலை குமரிக்கடலில் பெயர் வைத்த புயல். டிசம்பர் 1-ம் தேதி லட்சத்தீவுக் கடலில் மிகத் தீவிரப் புயல். கரைக்கு இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு சீக்கிரம் வளர்வது அபூர்வம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் வளர்ந்தது. ஒன்றரை நாள் தேவைப்படும் படகுக்கு ஒரு நாள்தான் கிடைத்தது. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் சேர்த்து நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஆளை இழந்தன.

என் சித்தப்பாவின் போட் அப்போது லட்சத்தீவுப் பக்கம் இருந்தது. ஒயர்லெஸ் எட்டாத தூரம். "கரைக்குத் திருப்பினா கொண்டல் மூஞ்சில அடிக்குது. போட் மூக்கு தூக்கித் தூக்கிப் போடுது. திருப்பாம வடக்க ஓட விட்டோம்" என்று பிற்பாடு சொன்னார். கொண்டல் என்றால் கிழக்குக் காற்று. கடைசியில் மகாராஷ்டிராவின் தேவ்கட் துறைமுகத்தில் போய் ஒதுங்கினார்கள். நம் பக்கத்துப் போட்டுகள் பல அப்போது அங்கேதான் ஒதுங்கின. சித்தப்பாவோடு சேர்ந்து கிளம்பிய பக்கத்து வீட்டு போட் இன்றுவரை வரவில்லை. அந்த வீட்டு அக்கா இப்போதும் டிசம்பர் மாதம் முழுக்க வாசல் விளக்கை அணைப்பதில்லை.

சித்தப்பா திருப்பாமல் விட்டது அனுபவம் சொன்ன கணக்கு. அதற்குப் பின்னால் உள்ள காரணத்தை நீங்கள் எல்லோரையும்விட நன்றாக அறிவீர்கள். நம் பக்கத்துப் புயலில் காற்று கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும். புயல் நகரும் திசையைப் பார்த்து நின்றால், வலப்பக்கத்தில் அதன் நகரும் வேகமும் காற்றோடு சேர்ந்துகொள்ளும். அந்தப் பாதிதான் ஆபத்தான பாதி. ஒக்கி மேற்கு வடமேற்காகப் போனபோது அந்த வலப்பக்கம் கேரளக் கரைக்கும் புயலுக்கும் நடுவில் இருந்த கடல்தான். அங்கே காற்று கிழக்கிலிருந்து வரும். கரைக்குத் திரும்பு என்றால் கொண்டலுக்கு நேர் எதிரே போ என்று அர்த்தம். பிறகு அதே புயல் வடக்கு வடகிழக்காக வளைந்து குஜராத் பக்கம் திரும்பியதும் ஆபத்தான பாதியும் இடம் மாறியது.

பெரிய கப்பலின் கேப்டனுக்கு இதையெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுக்கிறார்கள். எங்கள் போட்டை ஓட்டும் சிராங்குக்கு யார் சொல்வது? காற்றை முதுகில் வாங்கி நின்றால் புயலின் மையம் இடது கைப் பக்கம் இருக்கும் என்ற ஒரு வரியை எச்சரிக்கையிலேயே சேர்க்கலாமே. மையம் இப்போது இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, அடுத்த 12, 24 மணி நேரத்தில் அது எங்கே இருக்கும், அது போகும் பாதைக்கு வடக்கே இருப்பவர் எந்தப் பக்கம் விலக வேண்டும், தெற்கே இருப்பவர் எந்தப் பக்கம், ஒதுங்க எந்தத் துறைமுகம் கிட்டம். இவ்வளவுதான் கேட்கிறோம். எல்லா போட்டிலும் ஜிபிஎஸ் இருக்கிறது. அட்சரேகை எங்கள் ஆட்களுக்குப் புதிதில்லை.

அலை உயரத்தையும் சொல்ல வேண்டும். அறிக்கையில் அலை 3 மீட்டர் என்று போட்டிருந்தால், அது உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. அதே கடலில் தனியாக எழும் ஓர் அலை அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை போகலாம். போட்டைக் கவிழ்ப்பது அந்த ஒற்றை அலைதான். ஆகவே "3 மீட்டர், சில அலைகள் 5, 6 மீட்டர் வரை" என்று எழுதுங்கள்.

உங்கள் உழைப்பைக் குறை சொல்ல வரவில்லை. 1999-ல் ஒடிசாவின் சூப்பர் புயலில் ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள். 2013-ல் பைலின் வந்தபோது முன்கூட்டியே லட்சக்கணக்கானவர்களை வெளியேற்ற முடிந்தது, சாவு சில பத்துகளோடு நின்றது. கரையில் இருப்பவருக்கு எப்படிச் சொல்வது என்பதை இந்த நாடு கற்றுக்கொண்டுவிட்டது. அதே அக்கறை கடலுக்குள்ளும் வர வேண்டும் என்கிறேன்.

வார்த்தையைப் பற்றியும் ஒன்று. தமிழ் அறிக்கை சென்னையிலிருந்து வருகிறது, சரி. ஆனால் புயலின் பாதையைக் கணிக்கும் மேசை உங்களுடையது, 13 நாடுகள் அதை நம்பியிருக்கின்றன. தெற்கே வெகுதூரத்துப் பெருங்கடலிலிருந்து வந்து, காற்றே இல்லாத நாளில் கரையேறும் அலைக்குக் கேரளக் கரை மீனவர் வைத்த பெயர் கள்ளக்கடல். இன்று ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸின் எச்சரிக்கையிலும் அதே சொல்தான் வருகிறது. ஒரு சொல் உள்ளே வர முடிந்தது என்றால் கொண்டல், வாடை (வடக்குக் காற்று), கச்சான் (மேற்குக் காற்று), நீவாடு (கடல் நீரோட்டம்) ஏன் வர முடியாது? "கிழக்கு திசைக் காற்று" என்று படித்துப் புரிந்துகொள்வதற்கும் "கொண்டல்" என்று காதில் விழுவதற்கும் இடையில் சில நொடிகள் இருக்கின்றன. வார்டில் டியூட்டி மாறும்போது அடுத்து வரும் நர்ஸிடம் நாங்கள் சுற்றி வளைத்துப் பேசுவதில்லை, செய்ய வேண்டியதைத்தான் முதலில் சொல்வோம்.

நீங்கள் தினமும் வெளியிடும் வெப்பமண்டல வானிலைக் கண்ணோட்டத்தில், அடுத்த 7 நாளில் தாழ்வு மண்டலம் உருவாக எவ்வளவு வாய்ப்பு என்று போடுகிறீர்கள். வாரக்கணக்கில் தங்கக் கிளம்பும் போட்டுக்கு அதைவிட உதவும் தகவல் இல்லை. அதைத் தமிழில், ஐஸ் ஏற்றும் நேரத்தில், தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் ஒட்டுங்கள். கொச்சியிலும் ஒட்டுங்கள், எங்கள் போட்டுகள் பாதி அங்கேதான் நிற்கின்றன. செயற்கைக்கோள் வழியாக இரு பக்கமும் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்கள் படகுகளுக்கு வந்துகொண்டிருக்கின்றன. பாதை கிடைத்துவிட்டது. அதில் போகும் செய்தியிலும் அதே பழைய வரி இருந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

புது மாதிரியை எழுதி முடிக்கும் முன் நாலைந்து சிராங்குகளைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டுங்கள். எந்த வரியில் அவர்கள் முகம் சுருங்குகிறதோ அந்த வரியை மாற்றுங்கள். சித்தப்பா கட்டாயம் வருவார், கேட்டுவிட்டேன். அவருக்கு இந்தி தெரியாது. தேதியை மட்டும் சொல்லுங்கள், டியூட்டி முடித்து நான் வந்து மொழிபெயர்க்கிறேன். பஸ் உங்கள் வாசலிலேயே நிற்கும்.

இப்படிக்கு,
தூத்தூர்க் கரையிலிருந்து டெல்லிக்கு வந்த ஒருத்தி